எங்கள் ஊரின் இரண்டு பள்ளிகள்



எங்கள் ஊரில் 'பள்ளி' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. பெரியவர் ஒருவர் பள்ளிக்குப் போயிருக்கிறார் என்றால் தொழப் போயிருக்கிறார் என்று பொருள். பிள்ளை பள்ளிக்குப் போயிருக்கிறது என்றால் படிக்கப் போயிருக்கிறது என்று பொருள். இரண்டும் ஒரே தெருவின் இரு முனைகளில் இருக்கின்றன. கடந்த இருபது ஆண்டுகளில் முதலாவது பள்ளி மூன்று முறை விரிவாக்கப்பட்டது. பளிங்குத் தரை வந்தது, மேல்தளம் வந்தது, ஒளுச் செய்ய வரிசையாகக் குழாய்கள் வந்தன. அல்ஹம்துலில்லாஹ். இரண்டாவது பள்ளியும் அதே ஆண்டுகளில் வளர்ந்தது. ஆனால் அதில் வளர்ந்தது பிள்ளைகளின் எண்ணிக்கை மட்டுமே. அந்த இரண்டாவது பள்ளியைப் பற்றியே, கணவனும் மனைவியுமாகிய நாங்கள் இருவரும் சேர்ந்து இதை எழுதுகிறோம். பிறரைக் குறை கூறும் நோக்கம் எங்களுக்கு இல்லை. எங்கள் வீட்டுக் குறையைச் சொல்லவே எழுதுகிறோம்.

எங்களுடையது இராமநாதபுரம் மாவட்டத்தில் கடலுக்குச் சற்று உள்ளே அமைந்த சிற்றூர். சீமைக் கருவேல மரங்களும், உப்பேறிய கிணறுகளும், வெளிநாட்டுப் பணத்தில் எழுந்த மாடி வீடுகளும் கொண்ட ஊர். மலாயாவில் வணிகம் செய்து திரும்பிய பெரியவர் ஒருவர் தம் நிலத்தை எழுதிக் கொடுக்க, அதில் ஓட்டுக் கட்டடத்தில் தொடக்கப் பள்ளி தொடங்கியதாக எங்கள் பாட்டனார் காலத்தவர் சொல்வர். நாங்கள் படித்த 1990-களில் அது எட்டாம் வகுப்பு வரை இருந்த நடுநிலைப் பள்ளி. ஒன்பதாம் வகுப்புக்கு ஒன்பது கிலோமீட்டர் போகவேண்டும். எங்களுள் ஆண்பிள்ளையாகப் பிறந்தவர் மிதிவண்டியில் போனார். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து சவூதிக்கு விமானம் ஏறினார். பெண்பிள்ளையாகப் பிறந்தவர் எட்டாம் வகுப்பில் முதல் மாணவியாகத் தேறி, மறுநாள் முதல் வீட்டில் இருந்தார். எவரும் அவரைத் தடுத்ததில்லை. காலையிலும் மாலையிலுமாக இரண்டே பேருந்துகள், உடன் வரப் பெண்பிள்ளைகள் இல்லை, 'எதற்கு?' என்று ஒரு சொல். அவ்வளவில் படிப்பு முடிந்தது.

ஆகவே 2011-இல் எங்கள் பள்ளி உயர்நிலைப் பள்ளியாகத் தரம் உயர்ந்தபோது நாங்கள் அடைந்த மகிழ்ச்சியை விவரிப்பது எளிதன்று. பொதுமக்கள் பங்களிப்பாக ஒரு இலட்சம் ரூபாய் கட்டவேண்டியிருந்தது. வளைகுடாவில் இருந்தோர் அனுப்பினர்; ஊரிலிருந்த பெண்கள் அஞ்சறைப் பெட்டியில் சேர்த்ததைக் கொடுத்தனர்; பக்கத்துக் குடியிருப்புகளின் உழவர்களும் மீனவர்களும் தம் பங்கைக் கொடுத்தனர். தொகையைக் கட்டிய நாளில் ஊரில் இனிப்பு வழங்கினோம். ஒரு கடமை முடிந்தது என்று எண்ணினோம். கடமை அன்றுதான் தொடங்குகிறது என்பது அப்போது எங்களுக்குத் தெரியவில்லை.

தரம் உயர்வது என்றால் என்ன என்பதைப் பின்னரே கண்டோம். ஒன்றுமுதல் ஐந்துவரை உள்ள வகுப்புகள் தனியே ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியாகப் பிரிந்தன. ஆறுமுதல் பத்துவரை உயர்நிலைப் பள்ளி. வளாகம் ஒன்றே; பள்ளிகள் இரண்டு. ஓட்டுக் கட்டடம் சிறு பிள்ளைகளுக்குப் போயிற்று. பெரிய பிள்ளைகளுக்கு மிஞ்சியவை நான்கு அறைகளும் ஒரு வேப்பமரமும். தலைமையாசிரியர் ஒருவர், தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் ஆகிய ஐந்து பாடங்களுக்கு ஐந்து பட்டதாரி ஆசிரியர்கள் என்று பணியிடங்கள் வந்தன. பணியிடம் வந்தால் ஆசிரியர் வந்துவிட்டார் என்று பொருள் அல்ல. வந்தவர்களும் ஆண்டுதோறும் நடக்கும் இடமாறுதல் கலந்தாய்வில் தம் சொந்த ஊர்ப் பக்கம் போய்விடுவர். அவர்களைக் குறை சொல்ல எங்களுக்கு வாயில்லை. குடிநீருக்குக் குடம் வரிசையில் நிற்கும் ஊரில், வாடகைக்கு வீடு கிடைக்காத ஊரில், பிள்ளைகுட்டிக்காரர் எத்தனை ஆண்டு இருப்பார்?

பிள்ளைகளோ வந்துகொண்டே இருந்தனர். ஐந்தாறு குடியிருப்புகளுக்கு இதுவே அருகிலிருந்த உயர்நிலைப் பள்ளி. மதிய உணவு பத்தாம் வகுப்புவரை உண்டு. பிறகு கொரோனா வந்தது. வளைகுடாவிலிருந்து வேலையிழந்து திரும்பியோர், தனியார் பள்ளிக்குக் கட்டணம் கட்ட இயலாதோர், அனைவரும் அரசுப் பள்ளியை நாடினர். 2021-இல் தமிழகமெங்கும் அப்படித்தான் நடந்தது. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020-இல் வந்திருந்தது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் உயர்கல்விக்குச் சென்றால் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022-இல் தொடங்கியது. நல்ல திட்டங்கள். அவற்றை நம்பிப் பெற்றோர் வந்தனர். வந்த பிள்ளைகளை உட்கார வைக்கத்தான் இடமில்லை.

கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்கு 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்கிறது. எங்கள் பள்ளியின் எட்டாம் வகுப்பில் 2022-இல் 71 பிள்ளைகள் ஒரே அறையில் இருந்தனர். மூவர் அமரும் பலகையில் ஐவர் அமர்வர். எழுதும்போது ஓரத்தில் இருப்பவர் எழுந்து நின்றுகொள்வார். வருகைப் பதிவு முடியவே கால்மணி நேரம் போய்விடும். ஒன்பதாம் வகுப்பின் ஒரு பிரிவுக்கு வேப்பமரத்தடிதான் வகுப்பறை. ஐப்பசி மழை தொடங்கினால் அப்பிரிவும் உள்ளே வந்து, ஒரே அறையில் இரண்டு ஆசிரியர்கள் இரண்டு சுவர்களைப் பார்த்துப் பாடம் நடத்துவர். அறிவியல் ஆய்வுக்கூடம் என்பது ஓர் அலமாரி. அதன் சாவி தலைமையாசிரியையிடம் இருந்தது. இலவசப் பாடநூல் கட்டுகளுக்கு நடுவே அவருடைய நாற்காலி இருந்தது.

இவற்றையெல்லாம் எங்களுக்கு அன்றாடம் வந்து சொன்னவள் எங்கள் மகள். அவள் அங்கே படித்தாள். எங்கள் மகன் அங்கே படிக்கவில்லை.

இதைத்தான் நாங்கள் சொல்ல வந்தோம். மகனைப் பதினான்கு கிலோமீட்டர் தொலைவிலுள்ள நகரத்தில் ஆங்கில வழித் தனியார் பள்ளியில் சேர்த்திருந்தோம். காலை ஏழு மணிக்கு வேன் வரும். மகளை ஊர்ப் பள்ளியில் விட்டோம். பெண்பிள்ளை பக்கத்தில் இருக்கட்டும் என்று உறவினரிடம் சொன்னோம். உண்மை அதுவன்று. இருவருக்கும் கட்டணம் கட்ட முடியாது. ஒருவருக்கு மட்டும் முடியும். அந்த ஒருவர் யார் என்று நாங்கள் பேசியதே இல்லை. பேசாமலே முடிவாயிற்று. 2020-இல் சவூதி வேலை போய், ஊரில் சிறு மளிகைக் கடை வைத்த பிறகும், மகனின் கட்டணத்துக்காக நகையை அடகு வைத்தோம். மகளுக்கு ஒரு சோடி செருப்பு வாங்க அடுத்த மாதம் ஆகட்டும் என்றோம்.

2022-இல் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டன. குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருக்கவேண்டும் என்பது சட்டம். எட்டாம் வகுப்போடு நின்ற எங்கள் வீட்டுப் பெண்மணியும் உறுப்பினரானார். முதல் கூட்டத்தில் ஆசிரியர் பற்றாக்குறையைப் பற்றிச் சற்று உரக்கவே பேசினார். தலைமையாசிரியை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நல்லாப் பேசுறீங்கம்மா. ஒண்ணு கேக்கலாமா? உங்க பையன் எங்கே படிக்கிறான்?" என்றார்.

அவர் குத்திக் காட்டவில்லை, மெய்யாகவே கேட்டார். அன்றிரவு அந்தக் கேள்வியை ஒருவரிடம் ஒருவர் சொல்லிவிட்டு நாங்கள் இருவரும் பேசாமல் படுத்தோம்.

ஆயினும் கேள்வி மட்டும் மனிதரை மாற்றிவிடுவதில்லை. அவ்வாண்டு கார்த்திகையில் ஒன்பதாம் வகுப்பிலிருந்த மகளுக்குக் காய்ச்சல் கண்டது. அடிவயிற்றில் வலி. அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். சிறுநீர்த் தொற்று என்றார் மருத்துவர். "பாப்பா, ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கிறே?" என்று கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வீட்டுக்கு வந்ததும் தாயின் மடியில் படுத்துக்கொண்டு சொன்னாள்: "ஸ்கூல்ல நாங்க யாருமே தண்ணி குடிக்க மாட்டோம் உம்மா. குடிச்சா போகணும்ல."

ஏறத்தாழ இருநூறு பெண்பிள்ளைகளுக்கு மூன்று கழிப்பறைகள். ஒன்றில் தாழ்ப்பாள் இல்லை. ஒன்றில் கதவே இல்லை. மூன்றிலும் தண்ணீர் இல்லை. மாதவிலக்கு நாள்களில் பெரிய பிள்ளைகள் விடுப்பு எடுத்துவிடுவர். வருகைப் பதிவேட்டில் காய்ச்சல் என்று எழுதப்படும். காலை எட்டரை முதல் மாலை ஐந்துவரை நாவறண்டு அமர்ந்திருந்த அந்தப் பிள்ளைகளில் எங்கள் மகளும் ஒருத்தியாக இருந்திருக்கிறாள். பள்ளிவாசலில் ஒளுச் செய்யப் பதினாறு குழாய்கள் இருக்கின்றன என்பது எங்களுக்குத் தெரியும். அவை திறக்கப்பட்ட நாளில் நாங்களும் நின்றோம். தெருவின் மறுமுனையில் என்ன இருந்தது என்று ஒரு நாளும் போய்ப் பார்த்ததில்லை.

அந்தச் சமயத்தில் ஊர் எல்லையில் அலங்கார வளைவு கட்ட ஜமாஅத்தில் பணம் திரண்டிருந்தது. ஆறு இலட்சம் ரூபாய். பெண்கள் ஜமாஅத் கூட்டத்தில் அமரும் வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. எனவே தாய்மார் 31 பேர் கையொப்பமிட்டு ஒரு கடிதம் எழுதினர். முஸ்லிம் பெண்களும், பக்கத்துக் குடியிருப்புப் பெண்களும் அதில் இருந்தனர். எழுதியவர் எங்களுள் ஒருவர். கூட்டத்தில் எழுந்து நின்று வாசித்தவர் மற்றவர். வளைவு ஓராண்டு பொறுக்கட்டும், பெண்பிள்ளைகளுக்குக் கழிப்பறையும் தண்ணீர்த் தொட்டியும் கட்டித் தாருங்கள் என்பது வேண்டுகோள்.

எதிர்ப்பு வந்தது. எதிர்த்தவர்கள் தீயவர்கள் அல்லர். எங்கள் உறவினர், எங்கள் கடைக்கு வருபவர். "அது கவர்மெண்டுப் பள்ளிக்கூடம் மச்சான். கவர்மெண்டு கட்டட்டும். நம்ம காசை ஏன் போடணும்?" என்றார் ஒருவர். அதில் நியாயம் இருந்தது. அரசின் கடமையை நாம் செய்யத் தொடங்கினால் அரசு கேட்காமலே இருந்துவிடும் என்பதும் மெய். "அங்க படிக்கிறதுல பாதி வெளியூர்ப் பிள்ளைங்க" என்றார் மற்றொருவர். அதற்குத்தான் எங்களிடம் விடையில்லை. அதாவது, விடை இருந்தது; சொல்லத் துணிவில்லை.

ஐந்தாம் வகுப்புவரை அந்த ஓட்டுக் கட்டடத்தில் படித்த பெரியவர் ஒருவர் சுவரோரமாக அமர்ந்திருந்தார். எழுந்திருக்காமலே பேசினார். "நெலம் கொடுத்த மனுசன் பத்திரத்தை நான் பாத்திருக்கேன் தம்பி. ஊருப் பிள்ளைக படிக்கன்னுதான் எழுதியிருக்கு. நம்ம பிள்ளைகன்னு எழுதலை. அவரு கொடுத்தது அமானிதம். அதுல யாரு உக்காரலாம்னு சொல்ல நாம யாரு?" பிறகு சற்று நிறுத்தி, "வெக்கத்துல தண்ணி குடிக்காமக் கெடக்குற பிள்ளைக்கு, வளைவு வழியா ஊருக்குள்ள வந்தா என்ன, வரப்பு வழியா வந்தா என்ன?" என்றார்.

கூட்டம் உடனே மனம் மாறிவிடவில்லை. மூன்று வாரம் இழுத்தது. இறுதியில் பாதிப் பணம் பள்ளிக்கு, பாதி வளைவுக்கு இருப்பு என்று முடிவாயிற்று. அரசு வளாகத்தில் நாமாகக் கட்டிவிட முடியாது. தலைமையாசிரியை வழியாகக் கல்வி அலுவலகத்தில் அனுமதி பெறவேண்டும். அதற்கு மேலும் மூன்று மாதம். பக்கத்துக் குடியிருப்புக் கொத்தனார்கள் பாதிக் கூலிக்கு வேலை செய்தனர். 2023 ஜூனில் எட்டுக் கழிப்பறைகளும் ஆழ்குழாய்க் கிணறும் தொட்டியும் ஆயின.

கட்டி முடித்த மூன்றாம் வாரத்திலேயே அடுத்த பாடம் கற்றோம். தூய்மை செய்ய ஆள் இல்லை. அதற்கு வரும் ஊதியம் மிகச் சிறிது, வந்தவர் நின்றுவிட்டார். கட்டடத்துக்குப் பணம் கொடுக்க ஆள் இருக்கிறது, அதன் பெயர்ப் பலகையில் இடமும் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் கழுவுவதற்குப் பணம் கொடுக்க ஆள் இல்லை. தாய்மார் மாதம் இருபது ரூபாய் போடுவது என்று தீர்மானித்தனர். இன்றுவரை அது நிற்கவில்லை. நிலையான தர்மம் என்று நாம் கட்டடங்களையே நினைக்கிறோம். மாதந்தோறும் வாசல் வாசலாக நின்று வாங்கும் அந்த இருபது ரூபாயும் அப்படிப்பட்டதே என்று நாங்கள் நம்புகிறோம்.

கணித ஆசிரியர் பணியிடம் ஓராண்டு காலியாக இருந்தது. 2022-இல் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியர்களை நியமிக்க அரசு அனுமதித்தபோது பட்டதாரி ஆசிரியருக்கு மாதம் 10,000 ரூபாய் என்றது. எங்கள் தெருவில் கணிதம் படித்து, பி.எட்.டும் முடித்து, திருமணத்துக்குப் பின் வீட்டிலிருந்த ஒரு பெண்ணை அவருடைய மாமியாரிடம் போய்க் கேட்டு அழைத்து வந்தோம். அவர் கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்து பாடம் நடத்தினார். எங்கள் மகள் 2024-இல் பத்தாம் வகுப்பில் கணிதத்தில் 91 மதிப்பெண் வாங்கியதில் அந்த மாமியாருக்கும் பங்குண்டு.

எல்லாம் சீராகிவிட்டது என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. சீராகவில்லை. வகுப்பறைகளுக்காகக் கொடுத்த விண்ணப்பம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. இரண்டு தகரக் கொட்டகைகள் போட்டோம். சித்திரை வெயிலில் அவற்றில் அமர முடிவதில்லை. அறிவியல் ஆசிரியர் சென்ற கலந்தாய்வில் போய்விட்டார். ஆய்வுக்கூடம் இன்னமும் அலமாரிதான்.

ஆனால் ஒன்றைச் செய்தோம். 2024 ஜூனில் எங்கள் மகனை ஒன்பதாம் வகுப்பில் ஊர்ப் பள்ளியில் சேர்த்தோம். அஞ்சிக்கொண்டேதான் சேர்த்தோம். பிள்ளையின் வாழ்வில் விளையாடுகிறீர்கள் என்றனர் உறவினர். எங்களுக்கும் அந்த ஐயம் இல்லாமலில்லை. இரவில் இன்னமும் வரும். மகன் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள், "லாத்தா அஞ்சு வருசம் அங்கதானே படிச்சா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு பையை எடுத்தான். அவ்வாண்டு எங்களைப் போல் இன்னும் நான்கு வீட்டார் வேனை நிறுத்தினர். அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு அந்த நான்கு வீட்டுத் தந்தையரும் வந்தனர். அதுவரை அக்கூட்டத்தில் தந்தையரை நாங்கள் கண்டதில்லை. தம் பிள்ளை அமரும் பலகை உடைந்திருந்தால்தான் மனிதனுக்குப் பலகை கண்ணில் படுகிறது. எங்களுக்கும் அப்படித்தான் பட்டது.

இன்று மகள் பதினொன்றாம் வகுப்பில் இருக்கிறாள். எங்கள் பள்ளியில் அந்த வகுப்பு இல்லை. அதே ஒன்பது கிலோமீட்டர். 1990-களில் அவளுடைய தாய் எட்டாம் வகுப்பில் முட்டிக்கொண்ட சுவர், இரண்டு வகுப்புகள் தள்ளிப் போய்ப் பத்தாம் வகுப்பின் வாசலில் நிற்கிறது. அவளுடன் பத்தாம் வகுப்பு முடித்த பெண்பிள்ளைகளில் ஆறு பேர் பேருந்தில் போகின்றனர். மற்றவர்களில் சிலர் வீட்டில் இருக்கின்றனர். அவர்களுடைய வாசல்களைத் தாண்டித்தான் எங்கள் மகள் பேருந்து நிறுத்தத்துக்குப் போகவேண்டும். ஒரு தோழி திண்ணையில் நின்று கையசைப்பாள் என்றும், அந்த வாசலை மட்டும் தான் வேகமாகக் கடந்துவிடுவதாகவும் எங்களிடம் சொன்னாள்.

மேல்நிலைப் பள்ளியாகத் தரம் உயர்த்தக் கோரி விண்ணப்பம் எழுதியிருக்கிறோம். இம்முறை பங்களிப்புத் தொகையைக் கட்டி இனிப்பு வழங்கிவிட்டுக் கலைந்துவிட மாட்டோம், இன்ஷா அல்லாஹ்.

சகோதர சகோதரிகளே, உங்கள் ஊரிலும் இரண்டு பள்ளிகள் இருக்கும். அடுத்த விடுமுறைக்கு ஊர் போகும்போது இரண்டாவது பள்ளிக்கும் ஒரு முறை போய்வாருங்கள். தலைமையாசிரியரைச் சந்தித்து எத்தனை பிள்ளைகள், எத்தனை ஆசிரியர்கள் என்று கேளுங்கள். பெண்பிள்ளைகளின் கழிப்பறையை உங்கள் வீட்டுப் பெண்களைப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். குழாயைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீர் வந்தால் அல்லாஹ்வைப் புகழுங்கள். வராவிட்டால், அன்று மாலை தொழுதுவிட்டு வெளியே வரும்போது நான்கு பேரிடம் அதைச் சொல்லுங்கள்.

திண்ணையில் நிற்கும் அந்தப் பிள்ளைக்காக து'ஆ செய்யுங்கள். எங்களுக்காகவும்.